அன்பு மிகுந்தால் வயிறு வீங்கும்

வன்னிப் பெருநிலம் குளங்களால் வாழும் நிலம். கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கி நிற்கும் இரணைமடு, பாலியாற்றின் நீரைத் தாங்கும் வவுனிக்குளம், பேராற்றை மறித்து எழுந்த முத்தையன்கட்டு என்று பெயர் சொல்லத் தொடங்கினால் பட்டியல் எளிதில் முடிவதில்லை. இக்குளங்களின் மீனை நாம் வலையிலே கண்டிருக்கிறோம், சந்தையிலே கண்டிருக்கிறோம், கறிச்சட்டியிலும் கண்டிருக்கிறோம். ஆனால், மீனை வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்துக் கண்ணாடித் தொட்டியிலே குடியிருத்தும் வழக்கம் நம்மிடையே அண்மைக் காலத்திலேதான் பரவியுள்ளது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வண்ண மீன் விற்கும் கடைகளின் முன்னே பிள்ளைகள் நின்று கைகாட்டி அடம்பிடிப்பதைக் காணாத பெற்றோர் இன்று சிலரே.

அவ்வாறு வீட்டுக்கு வரும் மீன்களுள் முதலிடம் பெறுவது, சிறுவர் "பைற்றர்" என்றழைக்கும் சண்டை மீன். நீலமும் சிவப்புமாக மயில்தோகை போன்ற செட்டைகளை விரித்து அது நீந்தும் அழகு யாவரையும் கவரவல்லது. ஆயினும், இம்மீனைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. வாங்கிவந்த சில வாரங்களிலே அதன் வயிறு பருக்கிறது; ஒருபுறம் சாய்ந்து நீந்துகிறது; பின்னர் அடியிலே கிடக்கிறது; ஒருநாட் காலையில் இறந்து மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. "நன்றாகத்தானே சாப்பாடு போட்டோம்!" என்று தாய் கூறுகிறார். அந்த "நன்றாக" என்னும் சொல்லிலேதான் பெரும்பாலும் நோயின் காரணம் மறைந்து கிடக்கிறது.

மீனின் பிறந்தகம்

சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டின் வயல்களிலும் சதுப்புகளிலும் ஆழமற்ற வாய்க்கால்களிலும் அது இயற்கையாக வாழ்கிறது. அந்நாட்டு மக்கள் அதனைப் "பிளா கட்" என்பர். கடிக்கும் மீன் என்பது அதன் பொருள். சாள்ஸ் ரேற் றீகன் என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞர் 1910 ஆம் ஆண்டிலே இதற்கு "பெற்றா இசுபிளெண்டென்சு" என்னும் விஞ்ஞானப் பெயரைச் சூட்டினார். 2019 ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கம் இம்மீனைத் தன் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காகப் பிரகடனம் செய்தது.

இம்மீனின் தலையிலே, பூக்களுக்கு மேலாக, மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து வாயினால் காற்றை விழுங்கி, அவ்வுறுப்பின் உதவியால் அதிலுள்ள ஒட்சிசனை இம்மீன் பெற்றுக்கொள்கிறது. இஃது அந்நிய நாட்டு அதிசயம் அன்று. நம் நாட்டுத் தாழ்நிலங்களில் வாழும் பனையேறிக் கெண்டையும் இதே குலத்தைச் சேர்ந்ததே. தரங்கம்பாடியிலே பணிபுரிந்த தால்டோர்வ் என்னும் டென்மார்க்குப் படையதிகாரி, பனைமரத்தின் மீது இக்கெண்டையைக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797 ஆம் ஆண்டிலே இலண்டன் இலின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. குளம் வற்றும் காலத்தில் விரால் மீன் வாயைத் திறந்து காற்றை விழுங்குவதைக் கண்டவர்கள் வன்னியிலே பலர். ஆதலின், காற்றுண்ணும் மீன் நமக்குப் புதிதன்று.

காற்றை உண்பதனாலே இம்மீன் சிறு போத்தலிலும் நலமாக வாழும் என்று எண்ணுவது மாத்திரம் தவறு. சுவாசத்துக்கு வேண்டிய ஒட்சிசனை அது மேலேயிருந்து பெறலாம். தன் கழிவு கலந்த நீரின் நஞ்சிலிருந்து தப்ப அதற்கு வழியில்லை.

வயிற்றின் அளவு

வளர்ந்த சண்டை மீனின் நீளம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். அதிலும் ஒரு பகுதி வாற்செட்டையே. அதன் இரைப்பை அதன் கண்ணளவுதான் இருக்கும் என்பது மீன் வளர்ப்போர் வழங்கும் ஓர் எளிய கணக்கு. நுணுக்கமாக அளந்து கூறிய அளவன்று எனினும், வீட்டுக்கு அது நல்ல வழிகாட்டியே. ஒரு கண்ணின் பருமனுக்கு மேற்பட்ட உணவை ஒரே வேளையில் ஊட்டலாகாது.

இதனுடன் மற்றோர் உண்மையையும் அறிதல் வேண்டும். சண்டை மீன் ஊனுண்ணி. இயற்கையிலே நீர்ப்பூச்சிகளும் நுளம்புக் குடம்பிகளும் நீரில் விழும் சிறு பூச்சிகளுமே அதன் உணவு. அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதும் நீர்மட்டத்தில் உள்ளவற்றைக் கவ்வுவதற்கே. தாவர உணவை உண்ணும் மீன்களுக்குக் குடல் நீண்டிருக்கும். ஊனுண்ணும் இம்மீனுக்கோ அது குறுகியது. சோற்றுப் பருக்கையும் பாண் துண்டும் பிசுக்கோத்துத் தூளும் அதற்கு ஏற்ற உணவல்ல. அவை குடலிலே தங்கி மலச்சிக்கலை உண்டாக்கும்.

இயற்கையிலே இரை எப்போது கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. ஆதலின், கண்டபோதெல்லாம் உண்பது இம்மீனின் பிறவிக் குணம். நாம் தொட்டியருகே செல்லும்போது அது ஓடிவந்து துள்ளுவதைப் பசி என்று நாம் கொள்கிறோம். அது பெரும்பாலும் பழக்கம். ஆள் வந்தால் உணவு வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன் உண்ட மீனும் அவ்வாறே துள்ளும்.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கடையில் விற்கும் உலர்ந்த சிறு உருண்டைத் தீனில் வேளைக்கு 2 அல்லது 3 உருண்டைகள், நாளொன்றுக்கு இருவேளை என்றால் 4 முதல் 6 உருண்டைகள் போதும். வீட்டிலே ஐவர் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் மற்றவர் போட்டதை அறியாது, காலையும் மாலையும் மும்மூன்று உருண்டைகள் போடுகின்றனர். ஆக, நாளொன்றுக்கு 30 உருண்டைகள். ஐவரும் தாம் அளவாகவே ஊட்டியதாக மனமாரக் கூறுவர், கூறுவதும் பொய்யன்று. மீனோ தனக்கு வேண்டியதன் ஐந்து மடங்கை உண்டிருக்கிறது.

உண்டது போக எஞ்சியது தொட்டியின் அடியிலே அழுகுகிறது. அதனாலும் மீனின் கழிவினாலும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. நெடுநாள் நிலைத்த தொட்டியிலே வாழும் நல்ல பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். புதிய தொட்டியிலும் சிறு போத்தலிலும் இவ்வேலை நடைபெறுவதில்லை. ஒரே அளவு கழிவு 20 லீற்றர் தொட்டியிலே கலப்பதற்கும் 1 லீற்றர் போத்தலிலே கலப்பதற்கும் உள்ள வேற்றுமை இருபது மடங்கு. ஆகவே, மிகையுணவு உள்ளே குடலையும் வெளியே நீரையும் ஒருங்கே கெடுக்கின்றது.

வீக்கம் யாவும் ஒன்றன்று

வயிறு பருத்த மீனைக் கண்டதும் மருந்தைத் தேடி ஓடாது, முதலில் அதனை அமைதியாக உற்றுநோக்குதல் வேண்டும். பக்கத்திலிருந்து பார்ப்பதோடு மேலிருந்தும் பார்த்தல் அவசியம்.

மீன் சில நாட்களாக மிகுதியாக உண்டிருக்கிறது. மலம் கழியவில்லை, அல்லது மெல்லிய நூல்போற் கழிகிறது. வயிற்றின் முன்பகுதி மட்டும் பருத்திருக்கிறது. செதில்கள் உடலோடு ஒட்டியே கிடக்கின்றன. இவை மிகையுணவினாலும் மலச்சிக்கலினாலும் வந்த வீக்கத்தின் அடையாளங்கள். இது பெரும்பாலும் குணமாகக் கூடியது.

குடல் நிறைந்து காற்றுப்பையை அழுத்தும்போது மீன் தன் சமநிலையை இழக்கிறது. தலைகீழாகவோ ஒருக்களித்தோ மிதக்கும். அன்றி அடியிலே கிடந்து எழும்ப முயன்று தவிக்கும். மலச்சிக்கலினால் வந்ததாயின் அது நீங்கிய பின்னர் இதுவும் நீங்கும். பிறவிக் குறையினாலோ நோய்க்கிருமியினாலோ வந்ததாயின் அவ்வளவு எளிதில் மாறாது.

மேலிருந்து நோக்கும்போது செதில்கள் எல்லாம் உடலிலிருந்து பிரிந்து அன்னாசிப்பழத் தோல்போல் நிமிர்ந்து நின்றால், அது வேறு நிலை. உடலுக்குள்ளே நீர் கோத்திருக்கிறது என்பதே அதன் பொருள். மனிதருக்கு வரும் மகோதரத்தை ஒத்தது இது. சிறுநீரகம் பழுதுற்றமையோ, உள்ளுறுப்புகளிலே கிருமி பரவியமையோ இதற்குக் காரணமாகலாம். அழுக்கு நீரில் நெடுநாள் வாழ்ந்து வலுவிழந்த மீன்களையே இது பெரும்பாலும் பற்றுகிறது. இந்நிலையை அடைந்த மீன் பிழைப்பது அரிது.

பெண் மீனாயின், முட்டை நிறைந்தமையாலும் வயிறு பருக்கும். அதன் வயிற்றடியிலே ஒரு சிறு வெண்புள்ளி தோன்றும். மீனோ சுறுசுறுப்பாக நீந்தி உண்ணும். இது நோயன்று. ஒருபுறம் மட்டும் புடைத்து நாளுக்கு நாள் வளருமாயின் கட்டியாக இருத்தல் கூடும்.

செய்ய வேண்டியவை

மிகையுணவினால் வந்த வீக்கம் என்று தெளிந்தால் முதல் மருந்து பட்டினியே. ஒரு நாள் அல்லது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் உணவை நிறுத்துதல் வேண்டும். வளர்ந்த மீன் இதனைத் தாங்கும். அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. தன்னுடலைச் சூடாக வைத்திருப்பதற்காக நம்மைப்போல் அது உணவை எரிப்பதில்லை. ஆதலின், இரண்டு நாள் பட்டினி மனிதக் குழந்தைக்கு எத்தகையதோ அத்தகையது மீனுக்கும் என்று எண்ணி வருந்தவேண்டியதில்லை.

இரண்டாவது, நீரைத் தூய்மை செய்தல். அடியிலுள்ள எச்சங்களை மெல்லிய குழாயினால் உறிஞ்சி அகற்றி, நாள்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றலாம். குழாய் நீராயின் குளோரின் நீங்கும் வண்ணம் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்த பின்னரே ஊற்றுதல் நன்று. கிணற்று நீரையும் அள்ளியவுடன் ஊற்றாது, சில மணிநேரம் காற்றுப்படவிட்டுத் தொட்டி நீரின் வெப்பத்துக்கு வந்த பின்னரே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். 26 முதல் 28 பாகை செல்சியசு வரை இம்மீனுக்கு உகந்தது. வன்னியின் கோடையிலே இதற்குக் குறைவில்லை. மார்கழி, தை மாத இரவுகளிலோ நீர் குளிர்ந்துவிடும். நீர் குளிர்ந்தால் மீனின் சமிபாடும் மந்தமாகும். ஆதலின், மாரிக் காலத்திலே உணவைக் குறைத்து, தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து அகற்றி வைத்தல் அறிவுடைமை.

நான்காவது, சாய்ந்து தவிக்கும் மீனுக்கு நீரின் ஆழத்தைக் குறைத்தல். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். மேலே வந்து காற்றை விழுங்க முடியாத சண்டை மீன் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும். அது சிரமமின்றி மேல்மட்டத்தை எட்டக்கூடிய ஆழமே போதும்.

பட்டினிக்குப் பின் முதல் உணவாக நீர்த்தெள்ளு என்னும் நுண்ணிய உயிரைக் கொடுப்பது சிறந்தது. அதன் மேலோடு எளிதிற் செரிக்காது குடலைத் தூண்டி மலத்தை வெளியேற்றும். மீனில்லாத தேங்குநீரிலே மெல்லிய துணிவலையால் இதனைப் பிடித்து, நன்னீரில் அலசிக் கொடுக்கலாம். அவித்த பட்டாணியின் தோலை நீக்கிக் கொடுக்குமாறு சிலர் கூறுவர். அது பொன்மீனுக்கு ஏற்ற வைத்தியம். பொன்மீன் தாவரத்தையும் உண்ணும் கெண்டைக் குலத்தது. ஊனுண்ணியாகிய சண்டை மீனுக்கு நீர்த்தெள்ளே பொருத்தமானது.

இவற்றால் தணியாவிடின், பேதியுப்பு என்று நம் முன்னோர் வழங்கிய எப்சம் உப்பை 20 லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம், வேறு பாத்திரத்தில் நன்றாகக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மகனீசியம் சல்பேற்று ஆகிய இது குடலைத் தளர்த்தும். கோத்த நீரையும் ஓரளவு வடியச் செய்யும். கறியுப்பு வேறு, இது வேறு. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போடலாகாது. வீட்டிலே எஞ்சிக் கிடக்கும் மனித மருந்து வில்லைகளை நீரிலே கரைப்பதும் கூடாது. செதில்கள் நிமிர்ந்தாலும், மூன்று நான்கு நாளில் வீக்கம் வற்றாவிட்டாலும் கால்நடை வைத்தியரின் ஆலோசனையை நாடுதலே முறை.

வருமுன் காத்தல்

திருக்குறளிலே "மருந்து" என்று ஓர் அதிகாரம் உண்டு. அதிலே வள்ளுவர் பச்சிலை ஒன்றின் பெயரையேனும் கூறவில்லை; பெரும்பகுதியும் உண்ணும் முறையைப் பற்றியே கூறினார். மனிதருக்கு உரைத்த அம்முறை மீனுக்கும் பொருந்தும். முன்னுண்டது செரித்த பின்னரே அடுத்த உணவு என்பதை வீட்டுச் சட்டமாகக் கொள்ளலாம்.

மீனுக்கு உணவூட்டும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளைகள் பலராயின் கிழமைக்கு ஒருவர் என முறை வகுக்கலாம். தொட்டியின் அருகே ஒரு தாளை ஒட்டி, ஊட்டியவுடன் அடையாளம் இடச் செய்தால் இரட்டைச் சாப்பாடு நேராது. உருண்டைத் தீனைச் சில நிமிடம் தொட்டி நீரில் ஊறவைத்துக் கொடுப்பது நன்று. உலர்ந்தபடி விழுங்கினால் அது வயிற்றுக்குள்ளே ஊறிப் பருத்தல் கூடும். இரண்டு நிமிடத்தில் உண்ணாத எச்சத்தை உடனே அகற்ற வேண்டும். கிழமையில் ஒருநாள் உணவின்றி விடுவதும் நல்ல பழக்கம். வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் வீடாயின் அன்றைக்கே மீனுக்கும் விரதம் என்று வைத்துக்கொண்டால், நாளை மறக்க இடமில்லை.

நுளம்புக் குடம்பி சண்டை மீனுக்குப் பிரியமான உணவே. ஆயினும், அதற்காக வளவிலே நீரைத் தேக்கி வைத்தல் பெருங்குற்றம். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் 2007 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் நிறைவேறியது. வன்னி மக்களைப் பல தலைமுறைகளாக வாட்டிய மலேரியாவிலிருந்து இலங்கை விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே சான்றளித்தது. ஒரு மீனின் உணவுக்காக டெங்கு நுளம்பை வளர்த்து அயலவரை நோய்க்கு ஆளாக்குதல் அறமாகாது. அவ்வாறே, வளர்க்க மனமில்லாத மீனைக் குளத்திலே விடுதலும் தகாது. நம் குளங்களிலே தொன்றுதொட்டு வாழும் சிறுமீன்களுக்கு அந்நிய மீனாலும், அது கொண்டுவரும் நோயாலும் கேடு விளையலாம்.

பசியை அறிந்த கைகள்

இவ்வளவும் கூறிய பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. வன்னியிலே ஒரு மூதாட்டியிடம் சென்று, "அம்மம்மா, மீனுக்குச் சாப்பாடு போடாதீர்கள்" என்று கூறுதல் எளிதன்று. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே இந்நிலத்து மக்கள் கஞ்சியினால் உயிர் தாங்கினர். அதன் நினைவாக ஆண்டுதோறும் வைகாசியிலே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்கின்றனர். பசி என்பது நூலிற் படித்த சொல்லன்று அவர்களுக்கு. வாய்திறந்து துள்ளும் உயிரைக் கண்டால் அக்கை தானாகவே தீன் போத்தலை நாடுகிறது. அதனை அறியாமை என்று இகழ எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், அன்பின் நோக்கம் ஊட்டுவது மாத்திரமன்று, உயிரை வாழவைப்பதே. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையச் சோறு இடாது, கஞ்சியைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும் என்பதை அம்மூதாட்டியைவிட நன்கு அறிந்தவர் யார்? பசியை அறிந்தவர் அளவையும் அறிவர். அம்மம்மாவின் கையைத் தடுக்காது, காலையிலே மூன்று உருண்டைகளை எண்ணி அக்கையிலேயே கொடுத்துப் போடச் சொல்லலாம். ஊட்டிய மனநிறைவும் அவருக்குக் கிட்டும், மீனும் பிழைக்கும்.

மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு குறிப்பேட்டிலே நாள்தோறும் ஊட்டிய அளவு, நீரின் வெப்பம், நீர் மாற்றிய நாள், மீனின் நடத்தை ஆகியவற்றை எழுதி வருவீர்களாயின், மூன்று மாதத்திலே உங்கள் மீனின் இயல்பை எந்த நூலையும்விட அக்குறிப்பேடு தெளிவாகக் கூறும். விஞ்ஞானம் என்பது ஆய்வுகூடத்திலே மாத்திரம் தொடங்குவதன்று. ஓர் உயிரைப் பொறுமையோடு நோக்குவதிலும், நோக்கியதை உள்ளவாறே எழுதுவதிலும் அது தொடங்குகிறது.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பதை நாம் பள்ளியிலே எழுத்துப் பயிற்சிக்காகப் பலமுறை எழுதியிருக்கிறோம். அதன் உண்மையை ஆறு சென்ரிமீற்றர் மீன் ஒன்று நம் பிள்ளைகளுக்குக் காட்டித் தருகிறது. இன்று மாலை அது துள்ளிவரும்போது, தீன் போத்தலைத் திறக்குமுன் தொட்டியருகே ஒட்டிய தாளை ஒருமுறை பாருங்கள். அன்றைய அடையாளம் ஏற்கனவே இடப்பட்டிருந்தால் மீனோடு சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு அதுவே போதும்.